மேடையில் அறிவித்த 80,000 ராண்ட்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன், வயது 48. வரிக்குட்பட்ட வருமானம் ஆண்டுக்கு 500,000 ராண்ட். டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையில் படித்தவள். போன ஆண்டு எங்கள் செட் கூடிய விருந்தில், செட்டின் வாட்ஸ்அப் குழுவை நடத்தும் பெரியப்பா மகன் மைக்கில் என் பெயரைச் சொல்லி 80,000 ராண்ட் என்று அறிவித்துவிட்டார். மறுக்க முடியவில்லை. 24 சதவீத வட்டியில் 60 மாதக் கடன் வாங்கி, குழுவின் கணக்கில் கட்டினேன். மாதம் 2,650 வீதம் எட்டுத் தவணை போயிருக்கிறது. இந்த ஆண்டும் அவ்வளவு கொடுத்தால் அப்பா பெயரில் உதவித்தொகை வைக்கலாம், முதல் ஆண்டு அது தன் மகளுக்கே கிடைக்கும் என்கிறார் அண்ணன். வரித்துறை பாதியைத் திருப்பித் தந்துவிடுமாம். ஓய்வூதியச் சேமிப்புப் பங்கிலிருந்து எடுக்கட்டுமா, வீட்டு பாண்டிலிருந்து (வீட்டுக் கடன் கணக்கிலிருந்து) எடுக்கட்டுமா? கூடப் படித்த ஒருவர் ஐந்தாண்டு எண்டோமென்ட் பாலிசி (காப்பீட்டு நிறுவனத்தில் போடும் சேமிப்பு) போடச் சொல்கிறார்.

பதில்: எதிலிருந்தும் எடுக்காதீர்கள், சகோதரி. கொடுக்கிற மனசில் குறை ஒன்றும் இல்லை. கையில் இல்லாத பணத்துக்கு மைக் முன்னால் தலையாட்டிவிட்டு மறுநாள் வங்கிக்குப் போனீர்களே, அதுதான் உங்களை அரிக்கிறது. இந்த ஆண்டும் அதையே செய்யப் போகிறீர்கள், வங்கிக்குப் பதில் பாண்ட். அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் 2,650-ஐப் பிரித்துப் பார்ப்போம். அசலும் வட்டியும் சேர்ந்து சுமார் 2,300. மீதி மாதக் கட்டணம், கடன் காப்பீடு. இதுவரை 21,200 கட்டியிருக்கிறீர்கள். அசல் எவ்வளவு குறைந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஏறக்குறைய 6,000. இன்னும் 74,000 நிற்கிறது. அறுபது மாதமும் இழுத்தால் 80,000 நன்கொடைக்கு 159,000 கொடுத்திருப்பீர்கள். மாணவர்களுக்குப் போவது அதில் பாதி.

‘பாதியைத் திருப்பித் தரும்’ என்ற பேச்சுக்கு வருவோம். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் வரிக்குட்பட்ட வருமானத்தில் 10 சதவீதம் வரை நன்கொடையைக் கழிக்கலாம். உங்களுக்கு அது 50,000. மிச்சம் 30,000 அடுத்த ஆண்டுக்குப் போகும். நீங்கள் இருப்பது 31 சதவீத வரிப் படி. ஆக முதல் ஆண்டு 15,500, அடுத்த ஆண்டு 9,300, மொத்தம் 24,800. பாதியே இல்லை. அந்த 24,800-உம் 18ஏ சான்று கையில் இருந்தால்தான். நீங்கள் கட்டியதோ வாட்ஸ்அப் குழுவின் கணக்கில். 18ஏ அனுமதி இல்லாத கணக்கில் போட்ட பணத்துக்கு, மனசு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஒரு சதமும் கழியாது. குழு அதைச் சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டியிருந்தால் சான்று குழுவின் பெயரில்தான் வரும். விருந்து மேசைக்குக் கொடுத்தது, ராஃபிள் சீட்டு வாங்கியது எல்லாம் நன்கொடைக் கணக்கிலேயே சேராது.

எனவே இந்த வாரமே அண்ணனிடம், வாய்மொழியாக அல்ல, எழுத்தில் கேளுங்கள்: பணம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டதா, எந்தத் தேதியில், ரசீது யார் பெயரில்? இன்னும் குழுக் கணக்கில்தான் கிடக்கிறது என்றால் திருப்பி வாங்குங்கள். வாங்கியதும் கடனை அடைத்துவிட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இருந்தால் அதைவிட நல்ல வழி கிடையாது. இல்லையென்றால் நீங்களே நேராகப் பல்கலைக்கழக அறக்கட்டளைக்குக் கட்டுங்கள், பிப்ரவரி கடைசிக்குள். 1961-இல் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று தனியாகத் திறந்த கல்லூரிதான் வெஸ்ட்வில் ஆனது. 2004-இல் நாட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து குவாசுலு-நாட்டால் ஆகிவிட்டது. பழைய பெயரில் யார் கணக்கு எண் அனுப்பினாலும் அதில் போடாதீர்கள். 2023 மார்ச் முதல் சான்றில் கொடுத்தவரின் அடையாள எண், வரி எண் முதலிய விவரங்களும் வேண்டும். பணம் அனுப்பும் அன்றே அவற்றை மின்னஞ்சலில் தந்துவிடுங்கள். இல்லாவிட்டால் வரிக்கணக்கு தாக்கல் செய்யும் நேரத்தில் அலைய வேண்டிவரும்.

அண்ணன் மகளுக்கு உதவித்தொகை என்பதற்கு என் பதில் சுருக்கம். இன்னாருக்கு என்று பேசி வைத்துக் கொடுப்பது நன்கொடை ஆகாது. குடும்பப் பெண்ணுக்குக் கட்டணம் கட்ட ஆசையிருந்தால், முடிந்த அளவு அவள் கட்டணக் கணக்கிலேயே நேராகக் கட்டுங்கள். வரிச் சலுகை கிடையாது, ஆனால் ஒளிவுமறைவும் கிடையாது. அதற்கு அப்பா பெயரை ஏன் இழுக்க வேண்டும்?

டூ-பாட் என்பது ஓய்வூதியப் பணத்தைப் பிரித்து, ஒரு பங்கை இடையில் எடுக்க விடும் முறை. அந்தச் சேமிப்புப் பங்கில் கை வைத்தால் எடுக்கிற தொகை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். உதாரணமாக 30,000 கையில் வேண்டுமென்றால், ஒரு பகுதி அடுத்த வரிப் படிக்கு ஏறிவிடுவதால், சுமார் 45,000 எடுக்க வேண்டும். 48 வயதில் அது திரும்பி வளர நாள் குறைவு.

எண்டோமென்ட் பாலிசிக்குள் வரி 30 சதவீதம், உங்கள் படி 31. ஒரு சதவீத லாபத்துக்காக ஐந்து ஆண்டு பணத்தைக் கட்டிப்போட்டு, நண்பருக்குக் கமிஷனும் கொடுப்பானேன்? ‘பல்கலைக்கழகத்துக்காக’ என்று ஒரு ரிப்பனைக் கட்டிவிட்டால் பாலிசி தர்மமாகிவிடாது.

வீட்டு பாண்டை நான் வேறு வேலைக்குப் பயன்படுத்தச் சொல்வேன். புதிய நன்கொடைக்காக அதில் 80,000 எடுத்து 17 ஆண்டில் மெதுவாகக் கட்டினால், வட்டி 10.5 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 172,000 ஆகிவிடும். தனிநபர் கடனைவிட அதிகம்! ஆனால் பழைய கடனை அடைக்க 74,000 எடுத்து, இப்போது கட்டும் அதே 2,650-ஐ பாண்டுக்குக் கூடுதலாக மாதாமாதம் கட்டினால் ஏறக்குறைய 33 மாதத்தில் முடிந்துவிடும். மிச்சமிருக்கும் 52 தவணையில் 19 குறைகிறது, சுமார் 50,000 ராண்ட். கூடுதல் தொகைக்குச் சம்பளத்துக்கு மறுநாளே டெபிட் ஆர்டர் (வங்கி தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு) போட்டுவிடுங்கள். ‘அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம்’ என்று விட்டால் கணக்கு 17 ஆண்டுக்கே திரும்பிவிடும்.

முதலில் கடன் கொடுத்த வங்கியிடம், கடனை முழுதாக அடைக்க எவ்வளவு என்று காட்டும் முடிவுத்தொகைக் கடிதம் கேளுங்கள். கேட்ட ஐந்து வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது தேசியக் கடன் சட்டம். உங்கள் அளவுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் விதிக்க முடியாது. அந்தக் கடிதத்தில் உள்ள தொகையைச் சதம் பிசகாமல் கட்டுங்கள். நூறு ராண்ட் குறைந்தாலும் கணக்கு திறந்தே கிடந்து, மாதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். பிறகு கணக்கு முடிந்தது என்ற கடிதத்தையும் வாங்கி, காப்பீட்டுக்கான டெபிட் ஆர்டர் நின்றதா என்று இரண்டு மாத ஸ்டேட்மெண்டைப் பாருங்கள். பலருக்கு அது நிற்பதில்லை.

அதோடு மாதம் 300 ராண்ட் மட்டும் அறக்கட்டளைக்கு நேராகக் கொடுங்கள். அலுவலகம் ஒத்துக்கொண்டால் சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லலாம். சம்பளத்தில் 5 சதவீதம் வரை மாத வரிக் கணக்கிலேயே கழித்துவிடுவார்கள். ஆண்டுக்கு 3,600, வரி போக உங்கள் கைச்செலவு சுமார் 2,480. கடன் முடிந்த மாதம் அதை ஏற்றுங்கள்.

அண்ணனிடம் இப்படிச் சொன்னால் போதும்: “அண்ணா, நான் மாதாமாதம் சம்பளத்திலிருந்து நேரா கட்டிட்டிருக்கேன். மேடையில என் பேரைச் சொல்லாதீங்க.” விருந்துக்கு முன்பே, போனில் சொல்லிவிடுங்கள்.