பங்குப் பேச்சு தொடங்கியதும் ஏறிய சர்க்கரை

தக்கலைக்கு அருகே வசிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி: கணவருக்கு வயது 52, ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் போடுகிறார். மாமனாரின் ரப்பர் தோட்டத்தைப் பங்கு வைப்பதில் அண்ணன் தம்பிக்குள் பிணக்கு வந்ததிலிருந்து காலை நடை நின்றுவிட்டது. இரவுச் சாப்பாடு பத்தரை மணிக்குப் போய்விட்டது. விட்டிருந்த சிகரெட்டும் திரும்பி வந்துவிட்டது. எச்.பி.ஏ1சி எனும் மூன்று மாதச் சராசரி 7.1-லிருந்து 8.6 ஆகிவிட்டது. "மன உளைச்சலால் சர்க்கரை ஏறுமா? எவ்வளவு சொன்னாலும் கேட்காதவரை என்ன செய்வது?"

ஏறும். மனம் கொதிக்கும்போது சுரக்கும் அட்ரினலினும் கார்டிசோலும், கல்லீரல் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை இரத்தத்தில் இறக்கிவிடுவதோடு இன்சுலினின் வேலையையும் மந்தமாக்குகின்றன. ஆயினும் உங்கள் கணவரின் கணக்கில் பெரும்பங்கு வீட்டின் நேர ஒழுங்கு குலைந்ததற்கே உரியது என்று கருதுகிறேன். எல்லோரும் வீட்டில் இருப்பது இரவில்தான் என்பதால் பங்குப் பேச்சும் அப்போதே எழுகிறது. வந்தவர்களுக்குச் சாயாவும் ஏத்தங்காய் சிப்ஸும் வைக்கப்படுகின்றன. பேச்சு முற்ற முற்றச் சிப்ஸ் குறைகிறது, சாப்பாடு தள்ளிப்போகிறது, தூக்கம் அதற்கும் பின்னால் போகிறது. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடுவதும், இனிப்பிலும் மாவுப் பண்டத்திலும் நாட்டம் மிகுவதும் உடலின் இயல்பு. மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) இரண்டாம் முறை கேட்டு வாங்குபவரை வாய்க்கட்டு இல்லாதவர் என்று ஏசிப் பயனில்லை.

இதைவிட அவசரமான ஒன்று உண்டு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவர், ஒரு சொல் தடித்ததும் எழுந்து போய்விட, நீங்கள் சோற்றின்மேல் தட்டைக் கவிழ்த்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளிமிபிரைடு அவருக்காகக் காத்திருக்காது. உணவு வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். சற்று நேரத்தில் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அதோடு காரணமில்லாத எரிச்சல் வரலாம். இந்த எரிச்சலைச் சண்டையின் தொடர்ச்சி என்றே வீட்டார் நினைத்துவிடுவதுதான் ஆபத்து. இவை சர்க்கரை தாழ்ந்துவிட்டதன் அறிகுறிகள். உடனே இரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள், 70-க்குக் கீழே இருந்தால், நினைவு தெளிவாக உள்ளவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, பிறகு சோறு கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். சாப்பாடு தவறும் நாளில் இரவு மாத்திரையை என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக் குறித்து வையுங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இனி, சொன்னால் கேட்காதது பற்றி. "இப்படியே போனால் தோட்டத்தை யார் பார்ப்பது" என்று உடம்பையும் பங்கையும் ஒரே மூச்சில் பேசினால், அறிவுரையும் வழக்கின் ஒரு தரப்பாகவே அவர் காதில் விழும். ஆகவே அவரைத் திருத்துவதை விட்டுவிட்டு வீட்டின் நேரத்தைத் திருத்துங்கள். இரவு எட்டு மணிக்கு எல்லோருக்கும் ஒன்றாக இலை போடுவது, பங்குப் பேச்சை ஞாயிறு மாலைக்கு மட்டும் ஒதுக்குவது என்ற இரண்டே ஏற்பாடுகள் போதும். மருமகள் சொல்லுக்கு இல்லாத எடை மாமியார் சொல்லுக்கு இருக்கும். இதை அவர் வாயால் சொல்லவையுங்கள். (மைத்துனரும் அவர் பிள்ளைதானே.)

நடையை ஒரேயடியாக மீட்க வேண்டியதில்லை. மூன்று வேளையும் உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடந்தால் வாரத்துக்கு 150 நிமிடம் என்று மருத்துவர்கள் சொல்லும் அளவைத் தாண்டிவிடும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில் மழை நல்ல சாக்கு. திண்ணையில் நடப்பதும் நடைதான். சிகரெட்டைப் பற்றி இந்த மாதம் பேசாதீர்கள் என்பது என் கருத்து. சாப்பாடும் தூக்கமும் நிலைப்பட்ட பின், அந்தப் பேச்சை மருத்துவரே எடுக்கட்டும்.

ஒரு நோட்டில் காலை வெறும்வயிற்றுச் சர்க்கரை, முந்தைய இரவு உண்ட நேரம், தூங்கிய நேரம் ஆகியவற்றை மட்டும் அவரே எழுதட்டும். உங்கள் கடிதத்தில் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உங்கள் இரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பாருங்கள், ஆனால் வாக்குவாதம் முடிந்த கையோடு பார்க்காமல், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் அவருக்குத் தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் நீடித்தால், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்கு அவர் தயங்கினால், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். முதல் அழைப்பை நீங்களே செய்து, அவரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று கேட்கலாம்.