வீல்சேர் சொல்லிவிட்டால் போதுமா?

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். ஆறு மாதமாக எங்கள் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்ட அம்மாவை (வயது 68) மதுரைக்கு அழைத்துவருகிறேன். அப்பா காலமான பிறகு அம்மா அங்கே தனியாகத்தான் இருக்கிறார். டல்லாஸ் - லண்டன் - சென்னை - மதுரை, ஒரே டிக்கெட்டில் மூன்று விமான நிறுவனங்கள். மூன்று வாரம் கழித்து அதே வழியில் நான் திரும்ப வேண்டும். வெள்ளி விடிகாலை சென்னையில் இறங்குகிறோம். சனி மாலை மகாபலிபுரத்தில் கல்லூரி நண்பர்கள் கூடுகிறோம். மதுரை போய்த் திரும்பினால் அலைச்சல் என்பதால் நான் சென்னையிலேயே தங்கிவிடலாம் என்று இருக்கிறேன். (அம்மாவுக்கு வீல்சேர் சொல்லிவிட்டேன், அவர் போய்விடுவார்.) கடைசித் துண்டில் ஏறாவிட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார் நண்பர். சரியா?

பதில்: சரியில்லை தம்பி. சென்னை - மதுரை உங்களுக்குக் கடைசித் துண்டே இல்லை. ஒரு விமானத்துக்கு ஒரு கூப்பன் என்று கணக்கு. போக மூன்று, வர மூன்று என்று உங்கள் டிக்கெட்டில் ஆறு கூப்பன்கள். அவற்றில் அது மூன்றாவது. வரிசை மாறாமல் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டுதான் டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள். மூன்றாவதில் ஏறாவிட்டால் 'நோ-ஷோ' என்று பதிவாகும், பின்னால் இருக்கும் மூன்றும் ரத்தாகிவிடும். விமானம் ஓட்டுவது வேறு வேறு நிறுவனமாச்சே, ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கு எப்படித் தெரியும் என்று நினைக்காதீர்கள். டிக்கெட் ஒன்றுதான். மூன்று வாரம் கழித்து மதுரை கவுண்டரில் நிற்கும்போது உங்களுக்கு இருக்கை இருக்காது. அன்றைய விலைக்கு டல்லாஸுக்குப் புதிதாக டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.

உங்கள் நண்பர் சொல்வது பயணம் முழுவதுக்குமான கடைசிக் கூப்பனை. அதற்குப் பின் ரத்துசெய்ய ஒன்றும் இல்லாததால் பலர் தப்பிவிடுகிறார்கள். அதிலும் வழக்கு வந்திருக்கிறது. 2016இல் ஆஸ்லோவுக்குத் திரும்ப வேண்டிய ஒருவர் ஃப்ராங்ஃபர்ட்டிலேயே நின்றுவிட்டார் என்று லுஃப்தான்சா 2,000 யூரோவுக்கு மேல் கேட்டு பெர்லினில் வழக்குப் போட்டது. 2018 டிசம்பரில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது, நிறுவனமோ விடாமல் மேல்முறையீட்டுக்குப் போனது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். விடுமுறைக் காலம் நெருங்கினால் இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வரும். ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த அடைப்புக்குறியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. பெற்ற தாயை அதற்குள்ளே வைத்து மூடிவிட்டு, டிக்கெட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

வீல்சேர் தள்ளுகிறவர் உங்கள் அம்மாவுக்கு யார்? சென்னையில் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? நாட்டுக்குள் நுழையும் முதல் ஊர் அது. இமிக்ரேஷன் வரிசை, பெட்டி வரும் பெல்ட், கஸ்டம்ஸ் எல்லாம் அங்கேதான் முடிக்க வேண்டும். பிறகு பெட்டிகளை உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். அங்கே நிறுவனமும் மாறுகிறது. லண்டனிலிருந்து கூட்டிவந்த நிறுவனத்தின் ஆள் இவரை அடுத்த நிறுவனத்தின் கவுண்டரில் விட்டுவிட்டுப் போய்விடுவார். அங்கே வேறு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். வீல்சேர் கேட்டிருப்பது மூன்று நிறுவனத்திலும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தீர்களா? ஒன்றில் பதிவாகி மற்றதில் விட்டுப்போவது உண்டு. ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து கால் வீங்கி நிற்கும் 68 வயதுப் பெண்மணியை இதையெல்லாம் தனியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் அலைச்சல்!

அதற்கப்புறம் மதுரை. ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வீடு. பூட்டைத் திறந்து, மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி, ஒட்டடை தட்டி, பால் வாங்கிவந்து ஒரு வாய் காபி போட்டுக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? உங்கள் பிள்ளைக்கு ராத்திரி கண்விழித்தவர் அவர். கூட்டிக்கொண்டு போனவன்தான் கொண்டுவந்து விட வேண்டும், அதுவும் வீட்டு வாசலில். எங்கள் வீடுகளில் இதைக் கடமை என்று யாரும் பேர் சொல்லிக்கூடப் பழகவில்லை, அது பாட்டுக்கு நடக்கும். நீங்கள் பாதி வழியில் இறங்கிக்கொள்வது அம்மாவுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

சென்னையில் தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே 'ஸ்டாப்ஓவர்' கேட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தில் இடையில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்குவதற்கு அதுதான் பெயர். இப்போதும் கேட்கலாம், ஆனால் டல்லாஸில் ஏறுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். டிக்கெட் எண் 13 இலக்கம், அதில் முதல் மூன்று யார் கொடுத்த டிக்கெட் என்று காட்டும். 001 என்றால் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 125 என்றால் பிரிட்டிஷ் ஏர்வேஸ், 098 என்றால் ஏர் இந்தியா. அந்த நிறுவனத்திடம்தான் பேச வேண்டும், ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தால் அவரிடம். மாற்றுக் கட்டணமும் விலை வித்தியாசமும் கேட்பார்கள். நானாக இருந்தால் அந்தக் காசைச் செலவழிக்க மாட்டேன், வீட்டு நினைப்பாகவே இருக்கும் மனுஷியைச் சென்னையில் யார் வீட்டிலாவது இரண்டு நாள் உட்காரவைக்கவும் மாட்டேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவோடு மதுரை விமானத்தில் ஏறுங்கள். வீட்டைத் திறந்து, அவரைச் சாப்பிடவைத்துப் படுக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடியுங்கள். சனி விடியும்போது சென்னையில் இருப்பீர்கள், மாலைதானே மகாபலிபுரம்! படுக்கை கிடைக்காமல் போகலாம், அதனால் ரயில் டிக்கெட்டை இன்றைக்கே போடுங்கள். ஞாயிறு ராத்திரி அம்மாவிடம் திரும்பி வருவதற்கும் சேர்த்து.