கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்

அன்புள்ள ஐயா,

தேர்தல் மேடையில் ஆளும் கட்சிப் பேச்சாளர், “எங்கள் ஐந்தாண்டு ஆட்சியில் உயர் பதவிகளில் பெண்கள் 50 சதவீதம் கூடியிருக்கிறார்கள்” என்றார். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர், “பெண்களின் பங்கு கால் சதவீதம்கூட ஏறவில்லை” என்றார். இருவரும் காட்டியது ஒரே அறிக்கை. அட்டவணையைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். யார் பொய் சொல்கிறார்? புள்ளிவிவரம் என்றாலே பொய் என்று ஒதுங்கிவிடலாமா? பன்மைத்தன்மை சமூகத்துக்கு உண்மையில் நல்லதா? இதைப் பற்றி ஒரு புத்தகமும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு பேச்சையும் சொல் மாறாமல் எழுதி அனுப்பினீர்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். “50 சதவீதம் கூடியது” என்பது வேறு, “50 சதவீதமாகக் கூடியது” என்பது வேறு. கேட்டதைத் திருப்பிச் சொல்லும்போது முதலில் தொலைந்துபோவது இந்த ‘ஆக’தான்.

பன்மைத்தன்மை நல்லதா என்ற கேள்வியை விடுங்கள். அதற்கு அட்டவணையில் பதில் கிடைக்காது.

உங்கள் படத்தில் இருப்பது இது: அன்று 200 பதவிகள், 8 பெண்கள். இன்று 300 பதவிகள், 12 பெண்கள். எட்டு பன்னிரண்டானது 50 சதவீத உயர்வு. 200இல் 8 என்பது 4 சதவீதம். 300இல் 12 என்பதும் அதே 4தான். ஒருவர் பின்னத்தின் தொகுதியை, அதாவது கோட்டுக்கு மேலே உள்ள எண்ணை மட்டும் படித்தார், மற்றவர் கோட்டுக்குக் கீழே உள்ள பகுதியையும் சேர்த்துப் படித்தார். யாரும் பொய் சொல்லவில்லை. பதவிகள் 200ஆகவே இருந்திருந்தால் பங்கு 4இலிருந்து 6 ஆகியிருக்கும். அதை 50 சதவீத உயர்வு என்றும் சொல்லலாம், 2 சதவீதப் புள்ளி உயர்வு என்றும் சொல்லலாம். பெரிதாகக் காட்ட வேண்டியவர் எதை எடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பின்னக் கணக்கு இது. இதற்கே “எல்லாம் பொய்” என்று கையை உதறினால் எப்படி? அதற்குப் பெயர் விவேகம் இல்லை, சோம்பல். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் மேடையில் நிற்பவருக்கு, நம்புகிறவரைவிட ஒதுங்கிவிடுகிறவர்தான் வசதி.

எதிர்க்கட்சிக்காரரும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். பணியில் ஏற்கெனவே இருப்பவர்களின் கணக்கான இருப்பு வேறு, புதிதாகச் சேர்பவர்களின் கணக்கான வரத்து வேறு. 1,000 பேர் உள்ள துறையில் 100 பெண்கள். ஆண்டுக்கு 40 பேர் ஓய்வு பெறுகிறார்கள், 40 பேர் சேர்கிறார்கள். சேர்பவர்களில் சரிபாதி பெண்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெறுபவர் ஒருவர் விடாமல் ஆண்களாக இருந்தாலும், ஐந்தாண்டில் பெண்களின் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டாது. பெண்களும் தங்கள் பங்குக்கு ஏற்ப ஓய்வு பெற்றால் 17இல் நின்றுவிடும். அந்த 17ஐ மட்டும் காட்டி ‘நியமனத்தில் பாகுபாடு’ என்பது தவறு. நியமனத்தில் வந்த 50ஐ மட்டும் காட்டி ‘சமத்துவம் வந்துவிட்டது’ என்பதும் தவறு.

இதெல்லாம் சில்லறைத் தந்திரம். பகுதியைக் கேட்கத் தெரிந்தவர்களும் கோட்டைவிடும் இடம், யாரை எந்தக் கட்டத்தில் போட்டு எண்ணினார்கள் என்பது. அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ‘வெள்ளையர் மட்டும்’ என்ற கட்டம் 2010ஐவிட 8.6 சதவீதம் சுருங்கி 20.43 கோடியானது. ‘ஒன்றுக்கு மேற்பட்ட இனம்’ என்ற கட்டமோ 90 லட்சத்திலிருந்து 3.38 கோடிக்கு ஏறியது, 276 சதவீத உயர்வு. இதைப் பார்த்து அஞ்சியவர்களும் உண்டு, கொண்டாடியவர்களும் உண்டு. பத்தாண்டில் இரண்டரைக் கோடிக் கலப்பினக் குழந்தைகளா பிறந்தார்கள்? படிவம் மாறியது. வெள்ளையர், கறுப்பர் கட்டங்களின் கீழும் பூர்விகத்தை எழுத இடம் வந்தது. எழுதியதில் 2010இல் 30 எழுத்துகள் வரைதான் பதிவாகின, 2020இல் 200 வரை. ஒரு பதிலில் எழுதிய பூர்விகங்களில் இரண்டை மட்டும் கணக்கில் எடுத்த இடத்தில் ஆறு வரை எடுத்தார்கள். முன்பு ஒரே இனமாகப் பதிவான பலர் இப்போது இரண்டாகப் பதிவானார்கள். மாற்றத்தில் பெரும்பங்கு இதனால்தான் என்று கணக்கெடுப்புத் துறையே சொன்னது. வேறு இனத்தோடு சேர்த்துக் குறித்த வெள்ளையரையும் கூட்டினால் எண்ணிக்கை 23.10 கோடியிலிருந்து 23.54 கோடியாக ஏறியிருக்கிறது. ஏறியது, இறங்கியது இரண்டுக்கும் சான்று ஒரே கணக்கெடுப்பு!

அதே துறை வெளியிடும் பன்மைக் குறியீடு 54.9இலிருந்து 61.1 ஆனது. கண்ணை மூடிக்கொண்டு இருவரைப் பொறுக்கினால், அவர்கள் வெவ்வேறு பிரிவினராக இருக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பதே அது. பெரிய கூட்டத்தைச் சரிபாதியாக இரண்டு கட்டத்தில் போட்டால் 50. அதே ஆட்களைச் சமமான நான்கு கட்டமாக வெட்டினால் 75. ஒரு ஆள் புதிதாக வரவில்லை, ஒருவர் போகவுமில்லை. கட்டம் மாறிய ஆண்டையும் மாறாத ஆண்டையும் பக்கத்தில் வைத்து அம்புக்குறி போடுகிறவரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இனி உங்கள் படத்துக்கு வருவோம். ‘உயர் பதவி’ என்ற சொல்லின் தலையில் ஒரு சிறு நட்சத்திரம் இருக்கிறது. அதற்கான அடிக்குறிப்பை வெட்டிவிட்டுப் படம் எடுத்திருக்கிறீர்கள்! 200 எப்படி 300 ஆனது? புதிய பதவிகள் உருவாயினவா, அல்லது கீழ்நிலைப் பதவிகளுக்குப் பெயரை மாற்றி உள்ளே இழுத்தார்களா? ஒப்பந்தப் பணியாளர்களைச் சேர்த்தார்களா? இரண்டு ஆண்டுக்கும் வரையறை ஒன்றுதானா? பக்கத்தை முழுதாக எடுத்து அனுப்புங்கள். புத்தகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.