முப்பத்தைந்துக்கு மேல் மேடை ஏறலாமா?

வணக்கம் தோழி. கடை நடத்திக்கொண்டே இந்த வயதில் மேடை நகைச்சுவைக்கு வரலாமா, வீட்டுத் துயரத்தைப் பேசினால் சிரிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வரலாம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து நகைச்சுவைக் கலைஞர் ஜேனி காட்லியைத் தேடிப் பாருங்கள்.

1961-இல் பிறந்தவர். கணவரோடு கால்டன் பகுதியில் பல வருடம் மதுக்கடை நடத்திவிட்டு, முப்பதைத் தாண்டித்தான் மேடைக்கு வந்தார். சிறு வயதில் உறவினரால் நேர்ந்த கொடுமை, கிளைடு ஆற்றில் பிணமாகக் கிடைத்த அம்மா, இவற்றைப் பற்றியெல்லாம் மேடையிலேயே பேசினார். கல்லாவுக்குப் பின்னால் நின்று ஆட்களைக் கவனித்த பழக்கம்தான் அவருடைய பலம் என்பேன். உங்களுக்கும் அது இருக்கிறது.

சிரிப்புக்குள் அடங்காததை நாடகமாக்கினார். 'தி பாயிண்ட் ஆஃப் யெஸ்', ஹெராயின் போதைப்பொருள் பரவிய கிளாஸ்கோவைப் பற்றிய ஓராள் நாடகம். அப்புறம் 2020-இல், ஸ்காட்லாந்தின் அப்போதைய முதல் அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜனின் கொரோனா அறிவிப்புகளுக்குத் தன் குரலில் வேடிக்கையாகப் பேசிப் போட்ட வீடியோக்கள் ஊரெங்கும் பரவின. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது! 2024 நவம்பரில் புற்றுநோயால் இறந்தார். நோயோடும் மேடை ஏறியவர்.

முதலில் கடைக்கு வரும் ஒரே ஒரு வாடிக்கையாளரை வைத்து ஐந்து நிமிடம் எழுதுங்கள். உங்கள் வீட்டுத் துயரத்தைப் பற்றியது அவசரமில்லை. அதைத் தனி நாடகமாக எழுதிப் பாருங்கள்.