படிவம் 4 மாணவர்களுக்குக் காடை வளர்ப்பை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து இடைநிலைப்பள்ளியில் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முட்டையிலிருந்தே தொடங்குங்கள். ஜப்பானியக் காடை 17, 18 நாளில் பொரித்து, அடுத்த ஆறேழு வாரத்தில் முட்டையிடும். மாணவர்கள் முழுச் சுற்றையும் பார்த்துவிடலாம். காற்றாடி உள்ள அடைகாப்புப் பெட்டியில் 37.5 பாகை செல்சியஸ் வையுங்கள். 14ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் திருப்பாமல் ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். வறண்டால் உள்சவ்வு காய்ந்து குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

முதல் வாரம்தான் கண்டம். குஞ்சு கட்டைவிரல் அளவுதான், தண்ணீர்த் தட்டில் விழுந்தே செத்துப்போகும். தட்டு நிறைய கோலிக்குண்டு போட்டால் இடுக்கில் அலகை விட்டுக் குடிக்கும். தரையில் நாளிதழ் வேண்டாம்; வழுக்கிக் கால் அகன்றுவிடும். பழைய துண்டு போதும். குஞ்சுகளுக்குச் சூடு தரும் விளக்கடியில் சுமார் 35 பாகை இருக்கட்டும். குஞ்சுகள் நெருக்கியடித்தால் குளிர், ஓரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு. வெப்பமானியைவிட இதைப் படிக்கப் பழக்குங்கள், அதுதான் உண்மையான பாடம்.

தீவனத்தில் புரதம் 24 விழுக்காடு வேண்டும். மூன்று வாரத்தில் நெஞ்சு செம்பழுப்பானால் சேவல், கரும்புள்ளி இருந்தால் பெட்டை. கூண்டு ஓர் அடிக்கு மேல் உயரக்கூடாது. மிரண்டால் நேராக எழும்பி மண்டையை இடித்துக்கொள்ளும். நம் ஊர்ப் பகல் 12 மணி நேரமே. முட்டை குறையாமலிருக்க மாலையில் இரண்டு, மூன்று மணி நேரம் விளக்குப் போடுங்கள்.