உப்பைக் குறைத்தால் இரத்த அணுவுக்குள் என்ன மாறும்?

திருகோணமலையில் பல வருடம் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதித்தவன் என்பதால், உப்பைப் பற்றி நம் ஆட்கள் என்னிடம் கேட்பார்கள். அவற்றில் சில.

உப்புவெளி அக்கா: இரண்டு மாதமாக உப்பைப் பாதியாக்கிவிட்டேன். இரத்த ரிப்போர்ட்டில், உப்பில் உள்ள சோடியம் 140இலிருந்து 139தான் ஆனது. பட்ட பாடு வீணா?

வீணே இல்லை அக்கா. ரிப்போர்ட்டில் வருவது அணுக்களைச் சுற்றியுள்ள நீரின் சோடியம். அதைச் சிறுநீரகம் 135க்கும் 145க்கும் இடையில் விடாப்பிடியாக வைத்திருக்கும். உப்பு கூடினால் தாகம் எடுக்கும், மிச்சம் சிறுநீரில் போகும். உப்பை அள்ளிப் போடுகிறவருக்கும் 140 வரும். நீங்கள் சாப்பிடும் உப்பின் அளவு தெரிய 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துச் சோதிக்க வேண்டும். பலனைப் பிரஷர் மெஷினில் பாருங்கள்.

மூதூர்த் தம்பி, ஏ.எல். பயோ: சிவப்பணுவுக்குள் இருக்கும் சோடியமும் குறையுமா?

வெளியே 140 என்றால் உள்ளே சுமார் 10தான், தம்பி. கொட்டியாரக்குடாவில் வள்ளத்துக்குள் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே போவார்களே, அப்படி உள்ளே கசிவதை, அணுவின் சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பு என்ற புரதம் இறைக்கிறது. ஒரு தடவைக்கு 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. சிவப்பணுவுக்குக் கரு இல்லை, புதுப் பம்பு செய்ய முடியாது. பிறக்கும்போது கொண்டுவந்தவற்றோடுதான் 120 நாள் ஓட்டும். அதனால் இன்று உப்பைக் குறைத்தால் நாளைக்கே உள்ளே குறைந்துவிடாது. பிரஷர் உள்ள சிலருக்கு உள்ளே சோடியம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். உப்பைக் குறைத்தபோது எல்லோருக்கும் ஒரே மாதிரி மாறவில்லை.

இன்னொன்று. இரத்தக் குழாயை முரட்டுத்தனமாகக் குலுக்கினால் அணுக்கள் உடைந்து, மேலே நிற்கும் மஞ்சள் நீர் சிவந்துவிடும். அப்போது பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். அணுவுக்குள் நிறைந்திருப்பது பொட்டாசியம் என்பதை நான் கண்ணால் கற்றது அப்படித்தான்.

நிலாவெளியிலிருந்து: கருவாட்டை விட்டுவிட வேண்டுமா?

சுடுதண்ணீரில் இரண்டு தரம் ஊறவைத்துக் கொட்டுங்கள், குழம்புக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள். எப்போதாவது என்றால் சரி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி.

இன்னொருவர்: அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, லோசார்டன் என்ற பிரஷர் மாத்திரை குடிக்கிறார். சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமா?

வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். அவரது சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறும், மாத்திரையும் அதைத் தேக்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஏற்கெனவே பாவித்திருந்தால் நாளைக் காலையே கிளினிக்குக்குக் கூட்டிப் போய்ப் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள்.