வைஃபை பாக்ஸ்ல சிவப்பு லைட் விட்டு விட்டு எரியுது. ஏசி, பிரிண்டர்ல எல்லாம் இப்படி லைட் மினுக்கும்போது அத வச்சே என்ன பிரச்சனைன்னு நாமளே கண்டுபிடிக்க முடியுமா, இல்ல ஆளத்தான் கூப்பிடணுமா?

முடியும். நீங்களே சரி பண்ண முடியுமான்னு கேட்டா பாதி நேரம் முடியாது, ஆனா கோளாறு எந்தப் பக்கம்னு சொல்லிடலாம், அது தெரிஞ்சாலே வர்ற ஆளு உங்ககிட்ட வாய் கூசாம "போர்டு போச்சு"ன்னு சொல்ல யோசிப்பாரு.

நீங்க இந்நேரம் பாக்ஸ நாலஞ்சு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிருப்பீங்க, கஸ்டமர் கேர்லயும் அதத்தான் சொல்லிருப்பாங்க. முதல்ல அத நிறுத்துங்க. எந்த லைட்டு, என்ன கலரு, நின்னு எரியுதா மினுக்குதா, எத்தன தடவ மினுக்கிட்டு கேப் விடுதுன்னு ஃபோன்ல வீடியோ எடுத்துட்டு அப்புறம் ஆஃப் பண்ணுங்க. கண்ணால எண்ணுனா தப்பும், வீடியோவ ஸ்லோவா ஓட்டிப் பாத்தா தப்பாது. ஆஃப் பண்ணிட்டா பல மெஷின்ல அந்த மினுக்கு அழிஞ்சு போயி, டெக்னீஷியன் வர்ற நேரம் பாத்து நல்லா ஓடும், டாக்டர் வாசலுக்குப் போனதும் காய்ச்சல் விட்டுப் போற மாதிரி. அவரு விசிட் சார்ஜ வாங்கிட்டுப் போயிடுவாரு, மறுநாள் மறுபடி மினுக்கும்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவ இல்லீங்க, பி.காம்தான். ஈரோட்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். ஆனா அங்க எது மினுக்குனாலும் "அக்காவக் கூப்பிடு"தான். உங்க கேள்விய வேற யாராவது கேட்டிருந்தாலும் நான் வந்து எழுதிருப்பேன், ஏன்னா இதே மாதிரி ஒரு சிவப்பு லைட்டுல எனக்கு ஒரு பழைய கடுப்பு இருக்கு.

மாசாமாசம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடற பார்ட்டிங்களுக்கு 3பி ஃபைல் பண்ண 20ந்தேதி கடைசி. தாண்டுனா வரி இருக்கற ரிட்டர்னுக்கு ஒரு நாளைக்கு 50 ரூபா, நில் ரிட்டர்னா இருந்தா 20 ரூபா லேட் ஃபீ, வட்டி தனி. சரியா அந்த 20ந்தேதி காலைல நெட் போச்சு. பாக்ஸ்ல பவர் பச்சை, லேன் பச்சை, பான் (PON)னு போட்டிருக்கற, கம்பெனி மெஷினோட சேந்துருச்சான்னு காட்டற லைட்டு எரியவே இல்ல, எல்ஓஎஸ் (LOS)னு போட்டிருக்கறது மட்டும் சிவப்பா மினுக்குது. கஸ்டமர் கேர்ல ஒரு தம்பி "மேடம் மோடத்த ரீஸ்டார்ட் பண்ணுங்க, வைஃபை பாஸ்வேர்ட மாத்திப் பாருங்க"ங்கறான். எல்ஓஎஸ்னா சிக்னல் லாஸ், கம்பெனி பக்கத்துலருந்து ஃபைபர்ங்கற கண்ணாடி இழை வயருல வர வேண்டிய வெளிச்சம் பாக்ஸுக்குள்ள வந்தே சேரலன்னு அர்த்தம், அதுக்கும் வைஃபை பாஸ்வேர்டுக்கும் என்னங்க சம்பந்தம்?

மத்தியானம் டெக்னீஷியன் வந்தாரு. வந்ததும் முதல் கேள்வி, "சார் இல்லீங்களா மேடம்?" சார் கிளையன்ட் இடத்துக்குப் போயிருக்காரு, பிரச்சனை என்னன்னு எங்கிட்ட சொல்லுங்கன்னேன். பாக்ஸத் திருப்பிக்கூடப் பாக்கல, "எரிஞ்சு போச்சு மேடம், புதுசு 2500 ஆகும், சார் வந்ததும் கேட்டுச் சொல்லுங்க"ன்னாரு.

நான் லேப்டாப்ல லேன் வயரச் சொருகி, பிரவுசர்ல பாக்ஸோட அட்ரஸ் 192.168.1.1 அடிச்சேன், பாக்ஸோட பேஜ் ஜம்முனு திறக்குது. எரிஞ்ச பாக்ஸ் எப்படிங்க பேஜ் திறக்கும்னு கேட்டேன். "ஆப்டிகல் ரிசீவர் மட்டும் போயிருக்கலாம்ல"ன்னு இங்க கமெண்ட்ல வரப்போறவங்களுக்கு இப்பவே சொல்லிடறேன், போயிருக்கலாம், எனக்கும் தெரியும், அதனாலதான் அவருகிட்ட ஃபைபரக் கழட்டி, வெளிச்சத்த அளக்கற உங்க பவர் மீட்டர்ல சொருகிப் பாருங்கன்னு சொன்னேன். வயர்லயே வெளிச்சம் இல்லாதப்ப பாக்ஸ் மேல எப்படிப் பழி போடறது? வேண்டா வெறுப்பா சொருகுனாரு. இந்த மாதிரி பாக்ஸுக்குப் பொதுவா மைனஸ் 8லருந்து மைனஸ் 27 டிபிஎம் (வெளிச்சம் எவ்வளவு பலமா வருதுங்கற அளவு) வரைக்கும் வந்தாத்தான் வேலை செய்யும், மைனஸ் 20 பக்கம் இருந்தா நிம்மதி. மீட்டர் அந்த 27அ எல்லாம் தாண்டி எங்கயோ கீழ காட்டுச்சு.

அவங்ககிட்ட பேனா சைஸ்ல ஒரு சிவப்பு லேசர் இருக்கும். ஃபைபர்ல நெட்டு வர்ற வெளிச்சம் 1490 நானோமீட்டர், அது நம்ம கண்ணுக்கே தெரியாது, அதனால கழட்டுன முனையக் கண்ணு கிட்ட வச்சு "ஒண்ணும் வரலயே"ன்னு பாக்காதீங்க, தெரியாத வெளிச்சமும் கண்ணக் கெடுக்கும். இந்தப் பேனா லேசர் கண்ணுக்குத் தெரியற சிவப்பு, ஃபைபர் எங்க ஒடிஞ்சிருக்கோ அங்க வெளிய கசியும். சுவத்துப் பெட்டிலருந்து பாக்ஸுக்கு வர்ற மஞ்ச வயருல அத அடிச்சு, ரூம் லைட்ட அணைச்சோம். ஃபைல் பீரோவோட பின் விளிம்புக்கும் சுவத்துக்கும் நடுவுல வயரு நசுங்கி மடங்கிக் கெடந்துச்சு, அந்த மடிப்புல மட்டும் மஞ்சத் தோலுக்குள்ளருந்து சிவப்பு வெளிச்சம் வழிஞ்சுட்டிருந்துச்சு. முந்தின நாள் சாயங்காலம் பீரோவ நகத்திப் பெருக்கிருந்தாங்க. 200 ரூபாய்க்கு அந்த மஞ்ச வயர மாத்துனாரு, எல்ஓஎஸ் அணைஞ்சு, பான் கொஞ்ச நேரம் மினுக்கி, நின்னு எரிஞ்சுது.

அந்த நேரம் பாத்து எங்க சார் உள்ள வந்தாரு. டெக்னீஷியன் நேரா அவருகிட்ட போயி "சார், வயரு கட்டாகிருந்துச்சு, கண்டுபிடிச்சுக் குடுத்துட்டேன்"ங்கறாரு. சாரும் "கெட்டிக்காரத் தம்பி"ன்னு டீ வாங்கிக் குடுக்கறாரு. நான் அங்கயேதான் நின்னுட்டிருக்கேன்.

இதுக்கும் உங்க கேள்விக்கும் சம்பந்தமில்லதான், இருந்தாலும் சொல்லிடறேன். அந்த வருசம் இன்க்ரிமென்ட் போட்டப்போ, டேலி சாஃப்ட்வேர விட்டா வேற ஒண்ணும் தெரியாத, பிரிண்டர்ல பேப்பர் மாட்டுனாக்கூட "அக்கா"ன்னு கத்தற புதுப்பையனுக்கு என்னை விட ஜாஸ்தி. கேட்டா "அவனுக்குக் குடும்பம் இருக்கும்மா"ன்னாரு. எனக்கு என்ன, மரத்துல தொங்குதா குடும்பம்? சரி விடுங்க.

உங்க பாக்ஸுக்கு வர்றேன். எல்ஓஎஸ் சிவப்பா இருந்தா ஃபைபர் பக்கம், மடங்கிருக்கா நசுங்கிருக்கா எலி கடிச்சிருக்கான்னு கண்ணுக்குத் தெரியற தூரம் வரைக்கும் தடவிப் பாருங்க, அதுக்கு மேல அவங்க வேலை. எல்ஓஎஸ் அணைஞ்சிருந்து பான் மட்டும் மினுக்கிட்டே இருந்தா வெளிச்சம் வருது, ஆனா கம்பெனி மெஷின் உங்க பாக்ஸ இன்னும் சேத்துக்கல, இங்கயும் நீங்க பண்ண ஒண்ணுமில்ல. பான் நின்னு எரிஞ்சு இன்டர்நெட் லைட்டு மட்டும் எரியலன்னா லாகின் பிரச்சனை, பில் கட்டிருக்கீங்களான்னு பாருங்க. எல்லாமே பச்சையா இருந்து ஃபோன்ல மட்டும் வரலன்னாத்தான் அந்தத் தம்பி சொன்ன வைஃபை பாஸ்வேர்டு பக்கமே போகணும்.

ஏசில இவ்வளவு சுலபம் இல்ல. ஆபரேஷன் லைட்டு இத்தன தடவ, டைமர் லைட்டு இத்தன தடவன்னு ஒரு கணக்கு வச்சு மினுக்கும், ஆனா ஒரு கம்பெனில அஞ்சு மினுக்குன்னா ஒரு சென்சாரு, இன்னொண்ணுல அதே அஞ்சு ஃபேன் மோட்டாரா இருக்கும். அதனால யூடியூப்ல எவரோ சொன்னத நம்பாம உங்க மாடல் நம்பருக்கான சர்வீஸ் மேனுவலத்தான் பாக்கணும், சிலதுல அவுட்டோர் மூடிக்கு உள்பக்கம் சார்ட் ஒட்டிருப்பாங்க. இண்டோரும் அவுட்டோரும் பேசிக்கலன்னு எரர் கோட் வந்தா உடனே போர்டுன்னு முடிவு கட்டாதீங்க, நடுவுல போற வயரு ஜாயின்ட்டு லூசா இருந்தாலும் எலி கடிச்சிருந்தாலும் அதே கோட்தான் வரும், அவுட்டோர் போர்டுல பல்லி பூந்து செத்துக் கெடந்தாலும் வரும். சில ஏசில ஃபில்டர் லைட்டுன்னு ஒண்ணு உண்டு, அது ரிப்பேரே இல்ல, ஃபில்டரக் கழுவுன்னு ஞாபகப்படுத்தறது, அதுக்கும் காசு வாங்கறவங்க இருக்காங்க.

இங்க் டேங்க் பிரிண்டர்ல இங்க் லைட்டும் பேப்பர் லைட்டும் மாத்தி மாத்தி மினுக்குனா பல மாடல்ல வேஸ்ட் இங்க் பேட் நிறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஹெட் க்ளீனிங் குடுக்கும்போதெல்லாம் போற இங்க் அடில ஒரு பஞ்சுலதான் சேரும், மெஷின் அதுக்குக் கணக்கு வச்சிருக்கும். கடைல "ஹெட் போச்சு"ன்னு சொன்னா இதக் கேளுங்க. பஞ்ச மாத்தாம கவுன்டர மட்டும் ரீசெட் பண்ணிக் குடுப்பாங்க, அப்புறம் ஒருநாள் டேபிளெல்லாம் மையா இருக்கும். டெல் லேப்டாப்ல ஆம்பர் ரெண்டு, வெள்ளை மூணுன்னு மினுக்குனா ரேம் தெரியலன்னு சொல்லுது, பல நேரம் கடைல அதக் கழட்டித் துடைச்சு மாட்டுனாலே போதும்.

மினுக்கறதெல்லாம் கோளாறும் இல்ல. எங்க அத்தை ஒருநாள் "அம்மிணி, மீட்டர்ல செவப்பு லைட்டு விடாம மினுக்குது, வெடிச்சுருமா?"ன்னு கேட்டாங்க. அது கரண்ட் ஓடற கணக்கு. எங்க மீட்டர் மேல ஒரு யூனிட்டுக்கு 3200 மினுக்குன்னு போட்டிருக்கு, அப்போ 1000 வாட் ஹீட்டர் மட்டும் ஓடுனா ஒரு செகண்டுக்கு ஒண்ணுக்குக் கொஞ்சம் கம்மி, 100 வாட் ஓடுனா சுமாரா 11 செகண்டுக்கு ஒண்ணு. எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டுப் பாத்தோம், அப்பவும் மினுக்குச்சு. யுபிஎஸ்ஸோட பழைய பேட்டரி சார்ஜ் ஏறவே ஏறாம ராப்பகலா கரண்டக் குடிச்சுட்டிருந்துச்சு. ரெண்டு மாசத்துக்கு ஒரு அளவு வரைக்கும் யூனிட் ஃப்ரீதான், ஆனா 500அத் தாண்டுனா ரேட்டே வேறங்க. அதே மீட்டர்ல ஈஎல் (EL)னு இன்னொரு லைட்டு இருக்கும், அது எரிஞ்சா மட்டும் கரண்ட் எங்கயோ எர்த்துல போகுது இல்ல நியூட்ரல் மாறிருக்குன்னு அர்த்தம், அன்னைக்கே எலக்ட்ரீஷியன வரச் சொல்லுங்க.

எலக்ட்ரீஷியன் அண்ணன்மாருங்க யாரும் சண்டைக்கு வராதீங்க, நான் எதையும் திறக்கச் சொல்லல, பாக்கத்தான் சொல்றேன். இன்வர்ட்டர் ஏசி, மைக்ரோவேவ், டிவி இதுக்குள்ள இருக்கற கெப்பாசிட்டர் பிளக்கப் புடுங்குன அப்புறமும் அடிக்கும். எல்லா டெக்னீஷியனும் அப்படின்னும் சொல்லல, எங்க ஏரியா ஏசி அண்ணன் ஒருத்தரு நான் அனுப்பற வீடியோவப் பாத்துட்டு தேவையான பார்ட்ட மட்டும் எடுத்துட்டு வருவாரு, சார் எங்கன்னு ஒருநாளும் கேட்டதில்ல.

உங்க பாக்ஸ்ல எந்த லைட்டு சிவப்புன்னு நீங்க சொல்லவே இல்லயே, கமெண்ட்ல போடுங்க. மாடல் நம்பர் அடில ஸ்டிக்கர்ல இருக்கும், அத டைப் பண்ணிப் போடுங்க, ஸ்டிக்கர ஃபோட்டோ எடுத்துப் போட்டுடாதீங்க, வைஃபை பாஸ்வேர்டும் அதுலயேதான் இருக்கும்.